நோகாத காலை எப்படிப் பார்த்துக்கொள்வது: சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு, அறிகுறி வாரியாக

காலபோக அறுவடை முடிந்த ஒரு மத்தியானம் எங்கள் ஐயா வயலிலிருந்து வந்து திண்ணையில் இருந்தார். ஒரு செருப்பைக் கழற்றினார், மற்றது வரவில்லை. இழுத்துப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். செருப்பின் அடியில் துருப்பிடித்த ஆணியின் தலை தெரிந்தது. ஆணி செருப்பைத் துளைத்து உள்ளங்காலுக்குள் இறங்கியிருந்தது.

“எப்ப ஐயா குத்தினது?”

“தெரியேல்லைப் பிள்ளை. நோகேல்லையே.”

காலையிலிருந்து அந்த ஆணியோடுதான் வரம்பில் நடந்திருக்கிறார். அந்தக் காயம் எலும்பு வரை போய், கடைசியில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. நான் அப்போது ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் அறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். நாள் முழுக்க மற்றவர்களின் கால்களைப் பார்த்தவள், வீட்டில் ஐயாவின் காலை ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை.

“நோகேல்லை” என்ற சொல்லை அதற்குப் பிறகு எத்தனையோ பேரின் வாயால் கேட்டுவிட்டேன். வன்னியில் நாங்கள் நோவை வைத்துத்தான் வருத்தத்தை அளக்கிறோம். நொந்தால் ஆஸ்பத்திரி, நோகாவிட்டால் வயல். சீனி வருத்தத்தில் அந்தக் கணக்குப் பிழைத்துப்போகும். காயம் பெருக்கும், நோ வராது. நீரிழிவால் விரலோ காலோ இழந்தவர்களில் 100க்கு 80 பேருக்கு மேல், தொடக்கத்தில் இருந்தது ஒரு சின்னப் புண்தான். ஆகவே முன்பு நோ பார்த்த வேலையை இனிக் கண்ணும் கையும் பார்க்க வேண்டும். கீழே உள்ளவை எல்லாம் அதற்கான வழிகள். உங்களுக்கு எது இருக்கிறதோ அந்தப் பகுதியைத் தேடி வாசியுங்கள். ஆனால் முதல் இரண்டு பகுதிகளை எல்லோரும் வாசித்துவிடுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தால், வாசிப்பதை நிறுத்திவிட்டுப் புறப்படுங்கள்

கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி அல்லது நீலம் பூத்துப்போனால் அது இரத்தக் குழாய் அடைத்ததாக இருக்கலாம். அங்கே மணித்தியாலக் கணக்கில்தான் காலைக் காப்பாற்ற நேரம் உண்டு. விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

புண்ணைச் சுற்றிய சிவப்பு 2 சென்ரிமீற்றருக்கு மேல் பரவினால், புண்ணிலிருந்து சிவப்புக் கோடு ஒன்று மேலேறினால், சீழ் அல்லது கெட்ட மணம் வந்தால், விரல் கறுத்தால், புண்ணுக்குப் பக்கத்துத் தோலை அமுக்கும்போது உள்ளே நறநறவென்று இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். காய்ச்சல், நடுக்கம், வாந்தி இவை சேர்ந்தால் இன்னும் அவசரம். ஒன்றைக் கவனியுங்கள்: சீனி வருத்தம் உள்ளவர்களுக்குக் கிருமி ஆழமாகப் பரவியிருந்தும் சிலவேளை காய்ச்சல் வராது. வழக்கமான சாப்பாடும் மருந்துமாக இருக்கும்போதே சீனி காரணமில்லாமல் ஏறி நின்றால், அதையே காய்ச்சலுக்குச் சமமாக எடுங்கள்.

சிவந்து, வீங்கி, சூடாக இருந்தும் பெரிதாக நோகாத பாதமும் இந்தப் பட்டியலில்தான் சேரும். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

வாகனம் இல்லையென்றால் 1990க்கு எடுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசு இல்லை. காத்திருக்கும் நேரத்தில் சிவப்பின் விளிம்பில் பேனையால் கோடு போட்டு, பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் பார்ப்பவருக்கு அது எவ்வளவு கெதியாய்ப் பரவுகிறது என்று அந்தக் கோடே சொல்லிவிடும்.

ஒவ்வொரு பின்னேரமும் இரண்டு நிமிடம்

கிணற்றடியில் கால் கழுவும் நேரம்தான் இதற்கு நல்ல நேரம். சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துவாயால் ஒற்றித் துடையுங்கள். பிறகு பாதத்தின் மேல், அடி, குதி, இடுக்கு, நகத்து ஓரம் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பாருங்கள். அடிப்பக்கம் தெரியாவிட்டால் முகம் பார்க்கும் கண்ணாடியை நிலத்தில் வைத்து அதற்கு மேலே காலைப் பிடியுங்கள். கண்ணும் மங்கலாகிவிட்டவர்கள் (சீனி கண்ணையும் விடாது) பேரப்பிள்ளையைக் கூப்பிடுங்கள். அப்பப்பாவின் காலைப் பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு மாதிரித்தான் இருக்கும், அவர்களின் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

பார்த்து முடிந்ததும் புறங்கையை இரண்டு பாதங்களிலும் மாறி மாறி வையுங்கள். ஒரு பாதம் மற்றதைவிடச் சூடாக இருக்கிறதா? அதை நினைவில் வைத்திருங்கள்.

“காலுக்குள்ளே எறும்பு ஊருது, ராத்திரியிலே எரியுது”

நரம்பு கெடத் தொடங்கியதன் முதல் சத்தம் பெரும்பாலும் இதுதான். இரத்தத்தில் சீனி நெடுநாள் கூடி நின்றால் நரம்புகளும், அவற்றுக்கு ஊட்டம் கொண்டுபோகும் நுண்ணிய இரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடம்பில் மிக நீளமான நரம்பு நாரியிலிருந்து கால்விரல் வரை போவது. நீளமானதுதான் முதலில் அடிபடும். அதனால் இது விரல் நுனியில், இரண்டு கால்களிலும் ஒரே மாதிரித் தொடங்கி, காலுறை போட்டது போல மெல்ல மேலேறும். இரவில் கூடும். சிலருக்குப் போர்வை பட்டாலே தாங்காது.

ஒரு காலில் மட்டும் இருந்தால் வேறு காரணத்தையும் தேட வேண்டும். நாரியில் நரம்பு நெருக்குப்பட்டிருக்கலாம். எங்கள் பகுதியில் இன்னொன்றும் உண்டு: போர்க்காலத்தில் செல் துண்டு பட்டு, அந்த இடத்து நரம்பு அறுந்தவர்கள் பலர். டொக்டர் கேட்காவிட்டாலும் அதை நீங்களாகவே சொல்லுங்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை ஒன்று இருந்து, அந்த இடத்தில் மட்டும் தொட்டால் தெரியாவிட்டால், தோல் கிளினிக்கில் காட்டுங்கள். தொழுநோய் இன்னும் இலங்கையில் இருக்கிறது. அதற்கு இலவச மருந்து உண்டு, முற்றாகச் சுகமாகும். ஒளிப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

எரிவு உள்ளவர்கள் கிளினிக்கில் கேட்க வேண்டியது இரண்டு. முதலாவது, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி என்ற இரத்தப் பரிசோதனை. பலருக்கு 7க்குக் கிட்டக் கொண்டுவருவதுதான் இலக்கு. வயது போனவர்களுக்கும் சீனி அடிக்கடி இறங்குபவர்களுக்கும் டொக்டர் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். இரண்டாவது, பல வருடமாக மெற்போமின் குடிப்பவர் என்றால் விற்றமின் பி12. அந்தக் குளிசை சிலருக்கு பி12ஐக் குறைக்கும், அந்தக் குறைவும் இதே மாதிரி எரிவும் விறைப்பும் தரும். மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் கட்டாயம் கேளுங்கள். குறைவாக இருந்தால் ஊசியாலோ குளிசையாலோ ஈடுசெய்யலாம். அதற்காக மெற்போமினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கள்ளும் சாராயமும் கூட நரம்பைக் கெடுக்கும், அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

எரிவுக்கென்றே மருந்து இருக்கிறது. அமிற்றிப்ரிலின், கபபென்ரின் போன்றவற்றைத் தருவார்கள். அமிற்றிப்ரிலின் குளிசையைக் கொடுத்தால், “இது மன வருத்தக்காரருக்குக் கொடுக்கிறதாம்” என்று யாரோ சொல்லக் கேட்டு எறிந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது சின்ன அளவில் நரம்பு நோவுக்கும் வேலை செய்யும், அதனால்தான் தருகிறார்கள். இரவில் குடியுங்கள், தூக்கம் வரும். சலம் போகக் கஷ்டப்படும் வயதானவர்களும் இருதய வருத்தம் உள்ளவர்களும் முதலே டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். கடையில் கேட்டு வாங்கும் நோக் குளிசைகள் இந்த எரிவுக்குப் பெரிதாக உதவாது, சிறுநீரகத்தைத்தான் அடிக்கும். சீனி வருத்தமும் சிறுநீரகக் குறைவும் சேர்ந்தே வரும் வீடுகள் எங்கள் பக்கத்தில் குறைவில்லை.

சூடு பிடித்தால் எரிவு குறையுமென்று வெந்நீரில் கால் வைக்க வேண்டாம். எரியும் காலுக்கும் சூட்டின் அளவு சரியாகத் தெரியாது. எண்ணெய் விளக்கில் சூடாக்கிய துணி, சுடுமணல் ஒத்தடம் எல்லாம் கொப்புளத்தில்தான் முடியும்.

எரிவு தானாக நின்றுவிட்டது என்று சந்தோஷப்படுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயம் வரும். சீனி நல்ல கட்டுக்குள் வந்து நின்றிருந்தால் சரி. அப்படி இல்லாமல் நின்றிருந்தால், நரம்பு சத்தம் போடும் சக்தியையும் இழந்துவிட்டது என்று அர்த்தம். அவர்கள் அடுத்த பகுதியைச் செய்து பார்க்க வேண்டும்.

“பஞ்சிலே நடக்கிற மாதிரி இருக்கு, செருப்புக் கழண்டதும் தெரியேல்லை”

இது விறைப்பு. வீட்டிலேயே சோதிக்கலாம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர ஆஸ்பத்திரியில் உருவான இலேசான முறை ஒன்று இருக்கிறது, கருவி எதுவும் தேவையில்லை. கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடுங்கள். வீட்டில் ஒருவர் தன் சுட்டுவிரல் நுனியால் உங்கள் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒன்று இரண்டு விநாடி மெதுவாகத் தொட வேண்டும். இரண்டு காலிலும் சேர்த்து ஆறு இடம். அமுக்கக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுக்கிச்சு மூட்டக் கூடாது. தொட்டதும் வலமா இடமா என்று நீங்கள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் திரும்பத் தொட வேண்டாம், அந்த இடம் தெரியவில்லை என்றே கணக்கு. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உங்கள் பாதம் ஆபத்தில் இருக்கிறது. அடுத்த கிளினிக்கில் சொல்லி, நைலோன் இழையால் தொட்டுப் பார்க்கும் 10 கிராம் சோதனையைக் கேளுங்கள். அங்கே ஆட்கள் கூட, நேரம் குறைவு, சப்பாத்தைக் கழற்றச் சொல்லாமலே விட்டுவிடக்கூடும். கதிரையில் இருந்தவுடன் நீங்களாகவே செருப்பைக் கழற்றிக் காலை நீட்டிவிடுங்கள். நான் வேலை செய்த காலத்தில் அப்படிச் செய்தவர்களின் காலை யாரும் பார்க்காமல் விட்டதில்லை.

விறைத்த நரம்பைப் பழையபடி ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை. மேலும் கெடாமல் தடுக்கலாம். அதோடு காலுக்குக் காவல் போடலாம்.

காவல் என்றால், வீட்டுக்குள்ளும் செருப்பு. சாமி அறைக்குத் தனியாக ஒரு சோடி துணிச் செருப்பு வைத்துக்கொள்ளலாம். விரலிடுக்கில் வார் போகும் றபர் செருப்பு விறைத்த காலுக்கு ஆகாது. அதைப் பிடித்துக்கொள்ள விரல் மடங்கி இறுகும், வார் உரசும், கழன்று விழுந்தாலும் தெரியாது. பின்குதியில் பட்டி உள்ள, முன்பக்கம் அகன்ற, அடி தடித்த செருப்பு வேண்டும். எம்.சி.ஆர் என்ற மெத்தென்ற றபரில் செய்தது கிடைத்தால் மிக நல்லது. பின்னேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். வாங்கிய புதிதில் அரை மணித்தியாலம் போட்டுக் கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

போடுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் செருப்புக்குள் கையை விட்டுத் தடவுங்கள். அடியையும் தடவுங்கள். நெருஞ்சி, உடைமுள், பழைய கம்பித் துண்டு, ஆணி எதுவென்றாலும் காலுக்குத் தெரியாதது கைக்குத் தெரியும். ஐயா விஷயத்தில் அந்த ஒரு தடவல் போதுமாயிருந்தது.

இரவில் பாயில் படுப்பவர்களுக்கு இன்னொன்று. விறைத்த காலை எலி கடித்தால் தெரியாது, காலையில் இரத்தத்தைக் கண்டபிறகுதான் தெரியும். நெல் மூட்டை அடுக்கிய அறையில் படுக்காதீர்கள். காலைக் கழுவித் துடைத்து, தளர்ந்த பருத்திக் காலுறை போட்டு, நுளம்பு வலையை ஓரம் செருகிப் படுங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருக்கும்போது கால் சைலன்சரில் படாமல் முழங்காலை விரித்து இருங்கள். கெண்டைக்கால் சூடு அப்படித்தான் வரும்.

“குதி வெடிச்சுப் போச்சு”

பித்த வெடிப்பு எல்லோருக்கும் வரும். ஆனால் வியர்வையைச் சுரக்க வைக்கும் நரம்பும் கெட்டுவிட்டால் பாதம் வியர்க்காமல் காய்ந்து, வெடிப்பு ஆழமாகிக் கிருமிக்கு வாசல் திறக்கும். குளித்துத் துடைத்தவுடன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். யூரியா சேர்ந்த கிறீம் கிடைத்தால் இன்னும் நல்லது. விரலிடுக்கில் பூச வேண்டாம். பிளேட்டால் சீவ வேண்டாம், கரடு கல்லால் இரத்தம் வர உரஞ்ச வேண்டாம். வெடிப்பின் அடியில் சிவப்பு இறைச்சி தெரிந்தால் அது புண். புண்ணுக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

“காலடியிலே ஆணி, தோல் தடிச்சுக் கிடக்கு”

விரல்களைப் பிடித்திருக்கும் சின்னத் தசைகள் சோர்ந்து விரல்கள் கொக்கிபோல் வளையும். உடம்பின் பாரம் முழுவதும் விரலுக்குக் கீழ் உள்ள எலும்பு முனைகளில் இறங்கும். அங்கே தோல் தடிக்கும். தடித்த தோல் பிறகு தானே ஒரு கல்போல உள்ளே அழுத்தும். அதன் நடுவில் கறுப்பு அல்லது கருநீலப் புள்ளி தெரிந்தால் அடியில் இரத்தம் கசிகிறது, மேலே மூடி போட்ட புண் அது.

கடையில் விற்கும் ஆணிப் பிளாஸ்ரர் வேண்டாம். அதிலுள்ள அமிலத்துக்கு ஆணித் தோல் எது, நல்ல தோல் எது என்று தெரியாது. பிளேட், நகவெட்டி, சவர அலகு எதுவும் வேண்டாம். கிளினிக்கில் பயிற்சி உள்ளவர் சீவி எடுத்துவிடுவார். அழுத்தம் குறைந்தாலே பாதிச் சுகம். நகத்தையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்: குளித்தபின், நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள்.

“விரலிடுக்கு வெள்ளையாய் ஊறிக் கிடக்கு, கடிக்குது”

சேற்றுப்புண். வயலில் தண்ணீர் நிற்கும் மாதங்களில் வீட்டுக்கு ஒருவருக்காவது இருக்கும். பூஞ்சணம்தான் காரணம். குளோற்றிமசோல் கிறீமை, கழுவி நன்றாகக் காய்ந்தபின் நாளுக்கு இரண்டு தரம், சுகமான மாதிரித் தெரிந்தாலும் மொத்தம் நான்கு கிழமை பூசுங்கள். கம்பூட்ஸ் போட்டு வயலில் இறங்குபவர்கள் உள்ளே பருத்திக் காலுறை போட்டு, மத்தியானம் ஒருமுறை மாற்றுங்கள். பூட்ஸைக் கவிழ்த்து வெயிலில் காய விடுங்கள். மறுநாள் போடுமுன் உதறுங்கள், உள்ளே தேள் இருக்கும்.

சேற்றுப்புண்ணோ கீறலோ உள்ள காலோடு வயல் தண்ணீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் கிருமிக்கும் வழி. விதைப்புக் காலத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டால், எலிக்காய்ச்சலைத் தடுக்கும் டொக்சிசைக்கிளின் பற்றிச் சொல்வார். மண்ணிலும் வயல் நீரிலும் வாழும் இன்னொரு கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ் என்ற நோயும் இலங்கையில் உண்டு. அது அதிகம் பிடிப்பது சீனி வருத்தம் உள்ளவர்களைத்தான். ஆகவே வயல் வேலை செய்யும் சீனி வருத்தக்காரருக்குக் காய்ச்சல் வந்தால், “நான் சேற்றில் இறங்குகிறவன்” என்பதை முதல் வாக்கியத்திலேயே டொக்டரிடம் சொல்லுங்கள்.

“முள்ளுக் குத்திப்போட்டுது”, “கொப்புளம் வந்திட்டுது”, “சும்மா ஒரு கீறல்”

ஓடும் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். கொதித்தாறிய தண்ணீர் இருந்தால் அதைவிட நல்லது. சுத்தமான துணியால் ஒற்றி, மருந்துத் துணியால் மூடுங்கள். கொப்புளத்தைக் குத்தி உடைக்காதீர்கள். மேலால் தெரியும் சின்ன முள்ளை எடுக்கலாம். ஆழமாகப் போனதையும் ஆணியையும் வீட்டில் கிண்டாதீர்கள். அன்றோ அடுத்த நாளோ ஆஸ்பத்திரியில் காட்டி, ஏற்பு ஊசியையும் கேளுங்கள்.

மருந்து கட்டும் அறையில் எனது பாதி நேரம், வீட்டில் பூசியதைக் கழுவி எடுப்பதிலேயே போனது. மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், புகையிலைச் சாறு, பற்பசை. பூசியவர்கள் எல்லோரும் அன்பினால் பூசியவர்கள்தான். எங்கள் ஊர்களில் ஆஸ்பத்திரிக்குப் போக வழியே இல்லாத வருடங்களில் கையில் இருந்ததைக் கொண்டு காயத்தை ஆற்றியவர்கள் அவர்கள், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் சீனி வருத்தக்காரரின் பாதத்தில் இவை தோலை எரிக்கும், அல்லது மேலே ஒரு பொருக்கைக் கட்டி, அடியில் சீழ் தேங்குவதை மறைக்கும். அந்தப் பொருக்கை நம்பி நாலு நாள் இருந்துவிடுகிறோம். அந்த நாலு நாளில் ஒரு விரல் போய்விடும்.

“மருந்து கட்டிக் கட்டிப் பார்த்தாச்சு, புண் ஆறேல்லை”

இரண்டு கிழமையில் புண் சிறுக்கத் தொடங்காவிட்டால் ஏதோ ஒன்று தடுக்கிறது. என் அனுபவத்தில் முதல் காரணம், அந்தப் புண்ணின் மேல் நடப்பது. எவ்வளவு நல்ல மருந்தைக் கட்டினாலும், கட்டிய கையோடு எழும்பி வரம்பில் நடந்தால் ஒவ்வொரு அடியும் புதுக் காயம். நோகாததால் நடக்கிறோம், நோகுமென்றால் நொண்டியாவது இருப்போம். பாரத்தை இறக்குவது மருந்தைவிடப் பெரிய வைத்தியம். காலைச் சுற்றி அச்சாகப் போடும் கட்டு, புண் உள்ள இடத்தை விட்டு வெட்டிய மெத்தை, ஊன்றுகோல் என்று வழிகள் உண்டு. எதுவும் கிடைக்காவிட்டாலும் “இந்தப் புண்ணில் பாரம் விழாமல் எப்படி நடப்பது?” என்று கேட்காமல் மருந்து கட்டும் அறையை விட்டு வராதீர்கள். வீட்டில் உள்ளவர்கள் மாட்டைக் கட்டவும் தண்ணீர் இறைக்கவும் அவரை எழுப்பாதீர்கள்.

இரண்டாவது காரணம் இரத்த ஓட்டக் குறைவு, கீழே வருகிறது. மூன்றாவது எலும்புக்குள் கிருமி. விரல் முழுவதும் சிவந்து உருண்டு தடித்திருந்தாலோ, புண்ணின் அடியில் எலும்பு தட்டுப்பட்டாலோ அதைச் சந்தேகிப்பார்கள். படம் எடுத்து, கிழமைக்கணக்கில் மருந்து தருவார்கள், இடையில் நிறுத்தாதீர்கள். நான்காவது, சீனி கட்டுக்குள் இல்லாதது. இன்சுலின் தொடங்கச் சொன்னால் பயப்படாமல் தொடங்குங்கள். இன்சுலினால் கால் போனது என்று ஊரில் ஒரு கதை உலாவுகிறது. கால் ஏற்கெனவே கெட்டபிறகு இன்சுலின் தொடங்கியவர்களைப் பார்த்து வந்த கதை அது.

“பாதம் வீங்கிச் சிவந்திட்டுது, சூடு, ஆனா நோவில்லை”

ஒற்றைப் பாதம். காயம் எதுவும் இல்லை. சுளுக்கு என்று எண்ணெய் பூசி உருவிவிடுவார்கள். தயவுசெய்து உருவாதீர்கள், நடக்காதீர்கள். விறைத்த பாதத்துக்குள் எலும்புகள் நொறுங்கி மூட்டுகள் நழுவிக்கொண்டிருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மருத்துவர் சார்க்கோவின் பெயரால் சார்க்கோ பாதம் என்கிறார்கள். தொடக்கத்தில் எக்ஸ்ரே படம் சரியாகவே இருக்கக்கூடும், அதனால் கிருமி என்றோ வாதம் என்றோ எண்ணி விட்டுவிடுவதும் உண்டு. மற்றப் பாதத்தைவிட 2 பாகை சூடு கூட என்பது பெரிய அடையாளம். புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். அச்சுக்கட்டுப் போட்டுப் பல மாதம் பாரம் இறக்கினால் பாதம் உருவம் கெடாமல் தப்பும். நடந்துகொண்டே இருந்தால் பாதத்தின் வளைவு இடிந்து, அடி தோணிபோலப் புடைத்துவிடும். பிறகு எந்தச் செருப்பும் பொருந்தாது.

“கொஞ்சத்தூரம் நடந்தாக் கெண்டைக்கால் இழுக்குது, நிண்டாச் சரியாகுது”

இது நரம்பு இல்லை, இரத்தக் குழாய் ஒடுங்கியது. பாதம் குளிர்ந்து, மயிர் உதிர்ந்து, தோல் மினுங்கும். முற்றினால் இரவில் படுத்திருக்கும்போதே நோகும், காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறையும். அந்த நிலைக்கு வந்தவர்கள் நாள் தள்ளாமல் காட்ட வேண்டும், பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினால் தூரம் என்று நிற்காமல் போக வேண்டும். பீடி, சுருட்டு, சிகரெட் மூன்றையும் விடுங்கள், இதில் பாதி வழி எதுவும் இல்லை. பிரஷர் மருந்தும் கொலஸ்ரரோல் மருந்தும் இந்தக் குழாய்களுக்கும் சேர்த்துத்தான். பாதத்தில் புண் இல்லாதவர்கள் இழுக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடந்து பழகினால் நடக்கும் தூரம் மெல்லக் கூடும்.

கோவிலுக்கு நேர்த்தி வைத்தவர்கள்

வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில், மடுப் பெருநாள் ஆவணியில். இரண்டும் மணல் கொதிக்கும் காலம். விறைத்த காலுக்கு அந்தச் சூடு தெரியாது, அடித்தோல் முழுவதும் கழன்ற பிறகே தெரியும். நேர்த்தியை விடச் சொல்ல எனக்கு மனம் இல்லை, உரிமையும் இல்லை. காலையில் மணல் சூடாகுமுன் போய் வாருங்கள், தடித்த காலுறை போடுங்கள், வாசல்வரை செருப்போடு போங்கள். கதிர்காமப் பாதயாத்திரையும் தீமிதிப்பும் விறைத்த காலுக்கு வேண்டாம். உங்கள் நேர்த்தியைப் பிள்ளை எடுத்துச் செய்யலாம், அப்படிச் செய்த வீடுகள் இருக்கின்றன.

ஒரு கால் ஏற்கெனவே இல்லாதவர்கள்

மிதிவெடியிலும் செல்லிலும் ஒரு காலை இழந்து, இப்போது ஐம்பது வயதில் சீனி வருத்தமும் வந்தவர்கள் வன்னியில் பலர். அவர்களின் மற்றக் கால் இரண்டு காலின் வேலையைச் செய்கிறது. மேலே சொன்ன எல்லாவற்றையும் அவர்கள் இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும். செயற்கைக் காலைக் கழற்றியதும் முண்டப் பகுதியையும் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு சிறிது நேரத்தில் மறையாவிட்டால் கால் பொருந்தவில்லை. துணி சுற்றிச் சமாளிக்காமல் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் திருத்திக்கொள்ளுங்கள். இரவில் சலம் கழிக்க எழும்பும்போது ஒற்றைக்காலில் துள்ளிப் போவது பலரின் பழக்கம். அந்த ஒரு பாதத்துக்கு அது பெரிய அடி. ஊன்றுகோலைப் பாய்க்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் படுங்கள். செருப்பையும் அதன் பக்கத்திலேயே வையுங்கள்.